லெகால் பேர்ல இருந்த எச்சில்

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தப்ப நான் கடையில பாக்கு கீறிக்கிட்டு இருந்தேன். "லெகால் ஐயா இருக்காருங்களா?"ன்னு ஒரு பொண்ணு கேட்டுது. என் புருஷனை 'ஐயா'ன்னு எங்க ஊர்ல ஒரு ஜீவன் கூப்பிட்டது கிடையாது. அந்த மரியாதையைக் கேட்டதுமே பாக்குக் கத்தியைக் கீழ வெச்சுட்டேன்.

"நான் அவர் பொண்டாட்டி, நாகாவ். என்னம்மா விஷயம்?"

"நான் லியாவ் பேசுறேங்க்கா. போன வருஷம் உங்க ஊருக்கு வந்து எல்லார்கிட்டயும் எச்சில் வாங்கிட்டுப் போனோமே. அதுல அவர் சம்பந்தமா ஒண்ணு தெரிஞ்சிருக்கு. நேர்லதான் சொல்லணும். நீங்களும் கூட வாங்க."

எச்சில் கதையைச் சொல்லிடுறேன். போன வருஷம் அறுவடைத் திருவிழாவுக்குப் பந்தல் போடுற நேரத்துல, ஹுவாலியன் டவுன் ஆஸ்பத்திரியிலேருந்து ஆராய்ச்சிக்காரங்க ஒரு வேன்ல வந்து இறங்கினாங்க. நம்ம உடம்பு எப்படி ஆகணும்னு அதுக்குள்ளேயே எழுதியிருக்காம். ஒரு குப்பி எச்சில் குடுத்தா அதை முழுசாப் படிச்சிடுவாங்களாம். எங்க பழங்குடிச் சனத்துக்கு எந்த வியாதி ஏன் வருதுன்னு கண்டுபிடிக்கலாம்னாங்க. எங்கப்பா காலத்துல இப்படித்தான் யாரோ வந்து ரத்தம் எடுத்துக்கிட்டுப் போனாங்க. போனவங்க போனவங்கதான். அதனால பெரியவங்க லேசுல விடலை. ஒரு வாரம் கூட்டம் போட்டு, லியாவைக் குறுக்கு விசாரணை பண்ணி, அப்புறம்தான் சரின்னாங்க. நான் எச்சில் குடுக்கலை. திருவிழா நேரத்துல கடையை விட்டுட்டு எச்சில் துப்பப் போவாளா ஒருத்தி?

ஆஸ்பத்திரியில டாக்டரம்மா நிதானமாத்தான் சொன்னாங்க. இதயத்துக்கு எப்பத் துடிக்கணும்னு சொல்ற மின்சாரம் ஒண்ணு இருக்காம். லெகால் குடுத்த எச்சில்ல அதுக்கான மரபணுவுல ஒரு கோளாறு. பரம்பரையா வர்றது. முழிச்சிருக்கும்போது ஒண்ணும் தெரியாது. தூங்கும்போது திடீர்னு நின்னு போகலாம்.

"நின்னு போகலாம்னா?"

"நின்னு போறதுதாங்க. ஆனா பயப்படாதீங்க. தோலுக்கு அடியில சின்ன மெஷின் ஒண்ணு வெச்சா, நிக்கும்போது தட்டி எழுப்பிவிடும். முதல்ல படம் எடுத்துப் பார்க்கலாம்."

மார்ல ஒயரை ஒட்டிப் படம் எடுத்தாங்க. படம் சுத்தமா இருந்துது. சில பேருக்குப் படத்துல தெரியாது, இன்னொரு தடவை வாங்கன்னாங்க. எனக்கு எங்கே காது கேட்டுது? நான்பாட்டுக்கு அழுதுக்கிட்டு இருக்கேன். இந்த மனுஷன் என்னடான்னா கழுத்தைச் சொறிஞ்சுக்கிட்டு மோட்டுவளையைப் பாக்குறாரு. சாவேன்னு சொன்னதுக்கு முழிக்கிற முழி இல்ல அது. கல்யாணமான புதுசுல என் கோழியைப் பிடிச்சு அவங்க செட்டுப் பசங்களோட சுட்டுத் தின்னுட்டு, நரி தூக்கிட்டுப் போச்சுன்னு சொன்னப்ப முழிச்ச முழி.

திரும்பி வரும்போது ரயில்ல வெச்சு மடக்கினேன்.

"என்னய்யா மறைக்கிற?"

"ஒண்ணும் இல்ல."

"என் வீட்டுல இருந்துக்கிட்டு எங்கிட்டயே ஒண்ணும் இல்லையா? சொல்றியா, இல்ல அடுத்த ஸ்டேஷன்ல இறக்கிவிட்டு உங்கம்மா வீட்டுக்கே நடந்து போகச் சொல்லவா?"

எங்க ஊர்ல மாப்பிள்ளைதான் பொண்ணு வீட்டுக்கு வந்து இருக்கணும். அதனால இந்த மிரட்டல் நல்லா வேலை செய்யும். ஜன்னல்ல தெரிஞ்ச கடல் பக்கம் திரும்பிக்கிட்டாரு. அப்புறம் மெதுவா, "அது என் எச்சில் இல்லடி"ன்னாரு.

"என்னது?"

"அன்னைக்கு எங்க செட்டு மூங்கில் தூக்குற முறை. நான் காலையிலிருந்து பாக்கு போட்டுக்கிட்டு இருந்தேனா, வாயெல்லாம் செக்கச்செவேல்னு இருந்துது. லியாவ் பாத்துட்டு, வாயைக் கொப்புளிச்சிட்டு அரை மணி நேரம் ஒண்ணும் போடாம உக்காருங்கன்னுட்டா. அந்தப் பக்கம் எங்களுக்கு மூத்த செட்டுக்காரங்க, எங்கடா அந்தச் சோம்பேறிங்கன்னு கத்துறாங்க. நான் குப்பியைச் செட்டுக்குள்ள குடுத்துட்டேன். நிரப்பிக் குடுத்தாங்க. அவகிட்ட நீட்டிட்டு மூங்கில் தூக்கப் போயிட்டேன்."

இதைக் கேட்டா வெளியூர்க்காரங்க சிரிப்பாங்க. எனக்குச் சிரிப்பு வரலை, ஏன்னா எங்க ஊர்ல இது அதிசயமே இல்ல. மீசை முளைக்கிற வயசுப் பசங்களை ஒண்ணாச் சேர்த்து ஒரு செட்டாக்கி, அதுக்கு ஒரு பேரும் வெச்சிடுவாங்க. சாகுற வரைக்கும் அவங்க ஒரே செட்டுதான். ஒருத்தன் தப்புப் பண்ணினா அத்தனை பேருக்கும் திட்டு விழும். ஒருத்தனால முடியலைன்னா அவன் வேலையை இன்னொருத்தன் செய்வான். ஓட வேண்டிய இடத்துல ஓடுவான், குடிக்க வேண்டிய இடத்துல குடிப்பான். துப்ப வேண்டிய இடத்துல துப்பவும் செய்வான்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

கையில இருந்த பையால அவரை நாலு சாத்து சாத்தினேன். அப்புறம் அந்தப் பையையே முகத்துல வெச்சுக்கிட்டு அழுதேன். சந்தோஷத்துலதான். என் புருஷனுக்கு ஒண்ணும் இல்ல. எதிர்ல உக்காந்திருந்த கிழவர் எழுந்து வேற பெட்டிக்குப் போயிட்டாரு.

அழுது முடிச்சதும் சுரீர்னு உறைச்சுது.

"அப்ப அது யாரோடது?"

"செட்டுல ஒருத்தன்."

"எவன்?"

"அதை மட்டும் கேக்காத. அவன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

எங்கிட்ட போய் 'கேக்காத'ன்னா நான் விடுவேனா? செட்டுல இருக்கிற ஒருத்தன் படுத்தா எழுந்திரிக்க மாட்டான். அவன் யாருன்னு தெரியாம எனக்குச் சோறு இறங்குமா? பயமும் இருந்துது, இல்லைன்னு சொல்லலை. ஆனா பொய் எதுக்கு, அரிப்பும் இருந்துது.

அடுத்த வாரம் லெகாலை மறுபடி படம் எடுக்கக் கூப்பிட லியாவே எங்க கடைக்கு வந்தா. முப்பது வயசுகூட இருக்காது, ஒல்லிக்குச்சி. சோயாபால் வாங்கிக் குடுத்து உக்கார வெச்சு, நடந்ததைச் சொன்னேன். அவ குடிக்கிறதை நிறுத்திட்டா.

"ஐயோ அக்கா, அப்ப அந்தக் குப்பியையும் அதுல படிச்சதையும் நாங்க அழிச்சிடணும்."

"அழிக்கிறதா? ஒருத்தன் உசிரு போகப்போகுதுன்னு அதுல எழுதியிருக்கு, நீ அழிக்கிறேங்குற!"

"அது லெகால் பேர்ல இருக்கு, ஆனா லெகாலோடது இல்ல. யாரோடதோ, அவங்க அந்தக் குப்பியைப் படிக்கச் சொல்லி எங்களுக்கு அனுமதி குடுக்கலை."

"சரி, அந்த ஆள் தன் குப்பியிலயும் துப்பியிருப்பான்ல? செட்டுல எல்லாரும் குடுத்தாங்களே. அதையும் இதையும் ஒப்பிட்டுப் பாரு. யாருன்னு தெரிஞ்சிடும்."

"தெரியும். தேடினா ஒரு நிமிஷம்தான். ஆனா தேடக் கூடாது. பேரையெல்லாம் மறைச்சுத்தான் வெச்சிருக்கோம். எதுக்குக் கேட்டு வாங்கினோமோ அதுக்கு மட்டும்தான் பாக்கணும். இன்னைக்கு நல்லதுக்குன்னு நான் தேடினா, நாளைக்கு இன்ஷூரன்ஸ்காரன் வந்து நானும் நல்லதுக்குத்தான் கேக்குறேம்பான். உங்க பெரியவங்ககிட்ட நான் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்க்கா."

அவ சொல்றது நியாயமாத்தான் இருந்துது. அதான் எனக்கு இன்னும் எரிச்சல். பாக்கைக் கீறிச் சுண்ணாம்பு தடவிக்கிட்டே யோசிச்சேன். திடீர்னு ஒண்ணு பொறி தட்டுச்சு.

"ஏம்மா, அவன் சொந்தக் குப்பியிலயும் இதே கோளாறு இருக்கணுமே. அப்ப அவனையும் நீங்க கூப்பிட்டிருக்கணும். லெகாலைத் தவிர வேற யாரையும் கூப்பிடலையே, ஏன்?"

லியாவ் சோயாபாலை உறிஞ்சினா. டம்ளர்ல ஒண்ணுமே இல்ல, காத்தைத்தான் உறிஞ்சினா.

"எச்சில் வாங்கும்போது ஒண்ணு கேட்டீங்கள்ல, கெட்டது ஏதாவது தெரிஞ்சா சொல்லட்டுமா வேண்டாமான்னு. அவன் வேண்டாம்னு சொல்லியிருக்கான். அப்படித்தானே?"

"வேண்டாம்னு சொன்னவங்க குப்பியில நாங்க அதைப் பாக்குறதே இல்லக்கா. இதுக்கு மேல எங்கிட்ட கேக்காதீங்க."

"எந்தக் கோழைப்பய அப்படிச் சொல்லுவான்? உசிரைக் காப்பாத்துற சேதியைச் சொல்லட்டுமான்னு கேட்டா வேண்டாங்குறது!"

"கோழைன்னு சொல்லாதீங்கக்கா"ன்னு லியாவ் சட்டுனு சொன்னா. "எங்கம்மாவுக்கு மறதி வியாதி. எனக்கு வருமா வராதான்னு என்னால ஒரே நாள்ல பாத்துக்க முடியும். வேலை பாக்குற இடமே அதுதான். நான் இன்னும் பாக்கலை."

 அவ கையில ஒரு பொட்டலம் பாக்கைத் திணிச்சு அனுப்பினேன். அவ பாக்கு போட மாட்டா, தெரியும். வேற என்ன குடுக்கிறது?

அதுக்கப்புறம் கடையில உக்காந்துக்கிட்டே அவங்க செட்டு ஆளுங்க ஒவ்வொருத்தனையும் எடை போட ஆரம்பிச்சேன். குப்பியில சிவப்பு கலந்திருந்தா லியாவ் வாங்கியிருக்கவே மாட்டா. அப்ப லெகாலுக்காகத் துப்பினவன் அன்னைக்கு வாய் வெள்ளையா இருந்தவன். அன்னைக்கு எங்கிட்ட பாக்கு வாங்காதவன் யாரு? தாஃபோங் ரெண்டு பொட்டலம் வாங்கினான், கடனுக்கு. மாயாவ் கோயில்ல பாட்டுப் பாடும்போதே கன்னத்துல ஒண்ணு அடக்கி வெச்சிருப்பான். மத்தவங்களும் அப்படித்தான். நல்ல வாடிக்கைக்காரங்க, ஒருத்தன்கூடச் சுத்தமான வாயி கிடையாது. அவங்களும் அரை மணி நேரம் காத்திருந்துதான் அவங்கவங்க குப்பியை நிரப்பியிருக்காங்க. என் கணக்குல ஒருத்தனும் சிக்கலை.

இதுக்கு நடுவுல இன்னொரு கூத்து. மத்தியானமானா செட்டு ஆளுங்க ஒருத்தன் ரெண்டு பேரா பொட்டலம் வாங்கிக்கிட்டு ஒரே சந்துக்குள்ள போறாங்க. என் தம்பி கோலாஸ் கட்டிக்கிட்டுப் போன வீடு அந்தச் சந்துலதான் இருக்கு. அவனும் அதே செட்டு. ஒரு நாள் தாஃபோங் கக்கத்துல தலகாணியை இடுக்கிக்கிட்டுப் போறான்.

"என்னடா, பொண்டாட்டி துரத்திவிட்டுட்டாளா?"

"இல்லண்ணி, சும்மா... தூக்கத்துக்கு."

"உன் வீட்டுல தூக்கம் வரலையா?"

"உங்க தம்பி வீட்டுல காத்து நல்லா வருது."

சீட்டாடுறானுங்கன்னு நினைச்சேன். என் புருஷனும் அந்தப் பக்கம்தான் போயிட்டு வராரு. கையும் களவுமாப் பிடிச்சு மானத்தை வாங்கிடணும்னு, ஒரு நாள் கீரை சூப்பு ஒரு சட்டியில எடுத்துக்கிட்டுப் போனேன். தம்பிக்குச் சூப்புன்னு சொன்னா யாரும் சந்தேகப்பட மாட்டாங்க இல்ல?

கதவு திறந்தே இருந்துது. சீட்டுக்கட்டையே காணோம். கோலாஸ் விடியக்காலையில மீனுக்குப் போயிட்டு வந்த அசதியில பாய்ல மல்லாந்து தூங்கிக்கிட்டு இருந்தான். ஃபேன் ஓடிக்கிட்டு இருந்துது. அவனைச் சுத்தி மூணு பேர் உக்காந்திருக்காங்க. தாஃபோங் தலைமாட்டுல, மாயாவ் கால்மாட்டுல. என் புருஷன் பக்கத்துல உக்காந்து, அவன் நெஞ்சு ஏறி இறங்குறதையே பாத்துக்கிட்டு இருக்காரு. மூணு பேர் வாயும் மெல்லுது.

கையில சட்டி இருக்குறதையே மறந்துட்டேன். சூப்பு கால்ல கொட்டினதுகூட எனக்கு உறைக்கலை.

கோலாஸ் எங்கிட்ட பாக்கு வாங்குறதே இல்ல. காசு குடுக்காம தட்டிலிருந்து எடுத்துக்கிட்டுப் போவான். தம்பிதானேன்னு நானும் விட்டுடுவேன். வாடிக்கைக்காரங்களை மட்டும் எண்ணினேன், என் கூடப் பொறந்தவனை எண்ணவே இல்ல. அந்தத் திருவிழா வாரம் அவனுக்கு ரெண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியிருந்தாங்க. பாக்கு போடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதால மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டுத் திரிஞ்சான். அவனுக்குக் கஞ்சி காய்ச்சிக் குடுத்தவளே நான்தான். ஊர்லயே அன்னைக்கு வாய் வெள்ளையா இருந்த ஆம்பளை அவன் ஒருத்தன்தான்.

"நாகாவ்"னு லெகால் எழுந்தாரு.

"பேசாத! என் தம்பி சமாச்சாரத்தை எங்கிட்டயே மறைச்சியா நீ?"

நான் போட்ட சத்தத்துல கோலாஸ் முழிச்சுக்கிட்டான். என்னைப் பாத்தான், சட்டியைப் பாத்தான். "வாசனையைப் பாத்தா கீரை சூப்பு. கொட்டிட்டியா?"ன்னான்.

"உனக்கு எப்ப தெரியும்?"

"மச்சான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சொன்னதுமே. அவர் குப்பியில துப்பினது நானாச்சே."

"தெரிஞ்சும் படுத்துத் தூங்குறியே, அறிவு கெட்டவனே! இவனுங்க சுத்தி உக்காந்து பாக்கு மென்னா, நின்ன இதயம் ஓடிடுமா?"

"நின்னா நெஞ்சை அமுக்குறதுக்கு மாயாவ் படிச்சிருக்கான்"னு தாஃபோங் குறுக்கே சொன்னான். "தீயணைப்பு ஆபீஸ்ல போய்க் கத்துக்கிட்டு வந்தான். ராத்திரிக்கு இவன் பொண்டாட்டி, பகலுக்கு எங்க முறை."

"எனக்காகத் துப்பினான். அவனுக்காக நான் உக்காந்திருக்கேன்"னாரு லெகால். அதுக்கு மேல என்ன இருக்குங்குற மாதிரி சொன்னாரு.

 அவங்களை வெளிய போகச் சொல்லிட்டுத் தம்பி பக்கத்துல உக்காந்தேன்.

"ஏண்டா வேண்டாம்னு சொன்னே, அன்னைக்குக் கேட்டப்ப?"

"ஓபாத் மாமா நினைப்பு வந்துடுச்சுக்கா."

எங்கம்மாவோட தம்பி. படகுக் கொட்டகையில மத்தியானம் கண்ணசந்தவர் எழுந்திரிக்கவே இல்ல. சின்ன வயசு. ஏதோ அமுக்கிடுச்சுன்னு ஊர்ல பேசிக்கிட்டாங்க.

"எனக்குள்ள அந்தச் சனியன் இருந்தா, அது எங்கிருந்து வந்துது? அம்மா வழியா வந்துது. அம்மாவுக்கு நான் மட்டுமா பொறந்தேன்? என்னோடதைச் சொன்னா, சாயங்காலத்துக்குள்ள அது உன் வாசல்ல நிக்கும். அப்புறம் உன் பொண்ணு தோங்கி. நான் ஒருத்தன் வாயைத் திறந்தா நீங்க ரெண்டு பேரும் தூக்கத்துக்குப் பயப்படணும். நான் தெரிஞ்சுக்கலைன்னா உங்களுக்கும் தெரியாதுன்னு நினைச்சேன். நீ விடுவியா? ஊரையே தோண்டி எடுத்துட்டே."

அதுவரைக்கும் எனக்கு அது தோணவே இல்லைங்க. யாரு யாருன்னு தேடினேனே, அது என் ரத்தம்தான்னு ஒரு நிமிஷம்கூட நினைக்கலை. கை தானா என் நெஞ்சுக்குப் போச்சு. அது பாட்டுக்குத் துடிச்சுக்கிட்டு இருந்துது.

"ஆஸ்பத்திரிக்கு வா"ன்னேன்.

"நான் வந்து படம் எடுத்தா உனக்கும் தெரிஞ்ச மாதிரிதான். தெரிஞ்சுக்க நீ தயாரா? தயார்னா வரேன். இல்லேன்னா, இவங்க மாத்தி மாத்தி உக்காரட்டும். நல்லாத்தான் காத்து வருது."

அன்னைக்குச் சாயங்காலம் தோங்கிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். பள்ளிக்கூடம் முடிக்கப்போற பொண்ணு. புஸ்தகத்தை மூடி வெச்சா. அப்புறம், "மாமா போகட்டும்மா. நீயும் பாத்துக்க. எனக்குச் சொல்லணுமா வேண்டாமான்னு நான் யோசிச்சுச் சொல்றேன்"னா. லியாவுக்குப் போன் போட்டு, என் பொண்ணுக்கும் சேத்துப் பாத்துடுன்னேன். அவ வந்து கேக்கட்டும்க்கான்னா. நான் பெத்த பொண்ணுடின்னேன். "பெத்தது நீங்கதான், எச்சில் அவளோடதாச்சே"ன்னா அந்த ஒல்லிக்குச்சி.

செட்டு மொத்தமும் ரயில் ஏறிடுச்சு. ஆஸ்பத்திரி நடையில அத்தனை பேரையும் பாத்துட்டு நர்ஸு மிரண்டுபோனா. கோலாஸுக்கு எடுத்த படத்துல கோளாறு பளிச்சுனு தெரிஞ்சுது. மெஷின் வெச்சிடலாம்னு டாக்டரம்மா சொன்னாங்க. அவன் என்னைப் பாத்துச் சிரிக்கப் பாத்தான், முடியலை. நான் அவன் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேன்.

அப்புறம் லியாவ் ஒரு குப்பியை எங்கிட்ட நீட்டினா. அந்தக் கேள்வியையும் கேட்டா. கெட்டது ஏதாவது தெரிஞ்சா சொல்லட்டுமா, வேண்டாமா?

வேண்டாம்னு சொல்றவன் கோழைன்னு கடையில உக்காந்து கத்தினவதானே நான். இப்ப எனக்கே வேண்டாம்னு சொல்லத் தோணுச்சு. தெரியாம இருந்தா இன்னைக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்ததும் தூங்கிடுவேன், நேத்து வரைக்கும் தூங்கின மாதிரி. லியாவ் அவசரப்படுத்தலை. அவளும்தான் இன்னும் பாத்துக்காம இருக்காளே.

"சொல்லு"ன்னேன்.

குப்பியை உதட்டுல வெச்சேன். காலையிலிருந்து பாக்கு போடலை, தண்ணிகூடக் குடிக்கலை. எச்சில் வந்தாத்தானே? வாய் மணலாட்டம் காஞ்சு கிடந்துது. செட்டு மொத்தமும் என் வாயையே பாத்துக்கிட்டு நிக்குது. 

கோலாஸ் கட்டில்ல, மார்ல ஒயரோட படுத்துக்கிட்டே எட்டிப் பாத்தான்.

"அக்கா, வரலைன்னா குடு. நான் துப்பித் தரேன்."

முதல்ல தாஃபோங் சிரிச்சான், அப்புறம் லெகால், அப்புறம் லியாவே சிரிச்சுட்டா. நானும் சிரிச்சேன், கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சேன். சிரிச்ச சிரிப்புல வாயில எச்சில் ஊறிடுச்சு.

"இதை நான்தாண்டா துப்பணும்"னு சொல்லிட்டு, துப்பினேன்.